'ஸ்கிரீன்': திரையுலகின் வாரச் செய்தித்தாள் தொலைக்காட்சி நிகழ்ச்சியாக மாறி மறைந்தது எப்படி?

மும்பை: இந்தித் திரையுலகின் அன்றாட வணிகத்தை அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பதிவு செய்து வந்த 'ஸ்கிரீன்' வார இதழ், 2015-ஆம் ஆண்டில் ஸ்டார் இந்தியா தொலைக்காட்சி நிறுவனத்தின் கைக்கு மாறியது. அச்சு இதழ் நின்றது. அதன் பெயர் ஆண்டுக்கு ஒருமுறை ஒளிபரப்பாகும் விருது விழாவில் மட்டும் எஞ்சியது. 2019 டிசம்பர் விழாவுக்குப் பிறகு ஸ்டார் குழுமம் அந்த விருதையும் நடத்தவில்லை.

செய்தித்தாள்கள் நலிவடைவதற்கு இணையத்தையே காரணமாகக் கூறுவது வழக்கம். 'ஸ்கிரீன்' இதழின் வரலாறு அவ்வளவு எளிதானதன்று. வாரந்தோறும் செய்தி சேகரித்ததால் அந்த இதழுக்குத் துறையில் ஒரு மதிப்பு உண்டாயிற்று. அம்மதிப்பைக் கொண்டு அது ஒரு விருதை நிறுவியது. விருது தொலைக்காட்சிக்கு ஏற்ற நிகழ்ச்சியாக வளர்ந்து, இதழைவிட விலை மதிப்புள்ளதாயிற்று. இறுதியில் விருதுக்கு மதிப்பைத் தந்த இதழ் நின்றுவிட, விருது மட்டும் சில ஆண்டுகள் தனித்து ஓடியது.

1951-இல் தொடக்கம்

'ஸ்கிரீன்' இதழைத் தொடங்கியது இந்தியன் எக்ஸ்பிரஸ் குழுமம். தமிழ் வாசகர்களுக்கு இக்குழுமம் அயலானதன்று. டாக்டர் பி.வரதராஜுலு நாயுடு 1932-இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' நாளிதழே பின்னர் ராம்நாத் கோயங்காவின் கைக்கு வந்து, பல நகரங்களில் பதிப்புகளைக் கொண்ட பெருங்குழுமமாக வளர்ந்தது. 1934-இல் பிறந்த 'தினமணி'யும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. அக்குழுமத்தின் பம்பாய்க் கிளையிலிருந்து 1951 செப்டம்பரில் வெளிவந்த திரைப்பட வார இதழ்தான் 'ஸ்கிரீன்'.

அந்த ஆண்டு இந்தியத் திரையுலகுக்கு முக்கியமான ஆண்டு. பம்பாய்க் காங்கிரஸ் தலைவர் எஸ்.கே.பாட்டீல் தலைமையில் அமைக்கப்பட்ட திரைப்பட விசாரணைக் குழு, திரைத்தொழிலின் நிதி நிலையையும் ஒழுங்கின்மையையும் விவரிக்கும் அறிக்கையை அவ்வாண்டில்தான் அளித்தது. செம்பூரில் 1948-இல் தொடங்கப்பட்ட ஆர்.கே. நிறுவனத்தின் 'ஆவாரா' அவ்வாண்டு டிசம்பரில் வெளியானது. 1952 ஜனவரியில் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கியது. அதே ஆண்டு மார்ச்சில் டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமத்தின் 'ஃபிலிம்ஃபேர்' வெளிவரலாயிற்று. இரு பெரும் பத்திரிகைக் குழுமங்கள் சில மாத இடைவெளியில் திரைப்படத்துக்கென்றே தனி இதழ்களைத் தொடங்கியதிலிருந்து, இத்தொழிலில் அப்போது புழங்கிய விளம்பரப் பணத்தின் அளவை ஊகிக்கலாம்.

இரண்டு இதழ்களும் ஒன்றல்ல. 'ஃபிலிம்ஃபேர்' வழவழப்பான தாளில் நட்சத்திரங்களின் படங்களைத் தாங்கி வந்தது. ரசிகர்களுக்கான இதழ் அது. 'ஸ்கிரீன்' நாளிதழின் பெரிய வடிவிலேயே வெளிவந்தது. எந்தப் படத்துக்குப் பூஜை போடப்பட்டது, எங்கே படப்பிடிப்பு நடக்கிறது, எந்தப் பாடல் ஒலிப்பதிவாயிற்று, எந்த ஊரில் எந்தப் படம் எத்தனையாவது வாரமாக ஓடுகிறது என்பன போன்ற செய்திகள் அதன் பக்கங்களை நிரப்பின. தென்னிந்தியப் படவுலகச் செய்திகளுக்கும் இடம் உண்டு. ரசிகர்களும் படித்தனர் என்றாலும், அதன் முதன்மையான வாசகர்கள் தயாரிப்பாளர்களும் விநியோகஸ்தர்களும் திரையரங்கு உரிமையாளர்களுமே.

விளம்பரமே செய்தியான காலம்

'ஸ்கிரீன்' இதழின் செல்வாக்கைப் புரிந்துகொள்ள, அன்றைய திரைப்பட வணிகம் நடந்த முறையை அறிவது அவசியம். இந்திப் படங்களுக்கான சந்தை பம்பாய், டெல்லி-உத்தரப் பிரதேசம், கிழக்குப் பஞ்சாப், மத்திய இந்தியா, நிஜாம், மைசூர், வங்காளம், பிகார் எனப் பல வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தமிழ்ப் படவுலகில் 'ஏரியா' என்று வழங்குவது இதையே. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனித்தனி விநியோகஸ்தர் உண்டு. வங்கிகள் திரைப்படத்துக்குக் கடன் தராத காலம் என்பதால், படம் முடியும் முன்பே அதன் உரிமையை வட்டாரவாரியாக விற்று, விநியோகஸ்தர்கள் தரும் முன்பணத்தையும் வட்டிக் கடைக்காரர்களின் கடனையும் கொண்டே தயாரிப்பாளர் படத்தை எடுத்து முடிப்பார்.

பம்பாயில் ஒரு தயாரிப்பாளர் புதிய படத்துக்குப் பூஜை போட்ட செய்தி, பாட்னாவிலோ ஹைதராபாத்திலோ உள்ள விநியோகஸ்தரை எட்டியாக வேண்டும். யார் நாயகன், யார் இசையமைப்பாளர், படம் உண்மையாகவே நடக்கிறதா என்பவற்றையெல்லாம் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கான வழிதான் 'ஸ்கிரீன்' இதழின் முழுப்பக்க விளம்பரம். படத்தின் பெயரும் கலைஞர்களின் பெயர்களும் ஓவியரின் கைவண்ணத்தில் ஒரு காட்சியும் இருந்தால் போதும், படம் நடப்பதற்கான ஓர் அத்தாட்சி அது. பாதிப் படம் முடிந்ததும் இன்னொரு விளம்பரம், வெளியீட்டுக்கு முன் வேறொன்று, 25 வாரம் ஓடி வெள்ளிவிழா கண்டால் நன்றி விளம்பரம். நடிகரின் பிறந்தநாளுக்குத் தயாரிப்பாளர் வாழ்த்துச் சொல்வதும் விளம்பரமே. தமிழ்நாட்டில் 'தினத்தந்தி'யின் முழுப்பக்க விளம்பரத்தைப் பார்த்துப் படவுலகம் ஒரு படத்தின் பலத்தை எடைபோட்டதை இதற்கு ஒப்பிடலாம். வேறுபாடு ஒன்று உண்டு. 'தினத்தந்தி' விளம்பரம் முதலில் பொதுமக்களை நோக்கியது. 'ஸ்கிரீன்' விளம்பரம் முதலில் வணிகர்களை நோக்கியது.

சென்னையிலிருந்து இந்திப் படம் எடுத்தவர்களுக்கும் இத்தகைய இணைப்பு தேவைப்பட்டது. எஸ்.எஸ்.வாசனின் 'சந்திரலேகா' 1948-இல் இந்தியிலும் வெளியாகி வட இந்தியச் சந்தையைத் திறந்துவிட்ட பின்னர், ஜெமினி, ஏவி.எம்., பிரசாத் போன்ற நிறுவனங்கள் தொடர்ந்து இந்திப் படங்களைத் தயாரித்தன. கோடம்பாக்கத்தில் உருவாகும் படத்தை டெல்லி வட்டாரத்தில் விற்பதற்குப் பம்பாய் வழியாகத்தான் செல்ல வேண்டியிருந்தது.

நட்சத்திரங்களின் அந்தரங்கத்தை எழுதி விற்பனையைப் பெருக்கும் போக்கு 1971-இல் தொடங்கிய 'ஸ்டார்டஸ்ட்' இதழோடு வலுப்பெற்றது. 'ஸ்கிரீன்' அவ்வழியில் செல்லவில்லை. அதற்கு ஒழுக்க நெறி மட்டுமே காரணம் என்று கொள்ள வேண்டியதில்லை. விளம்பரம் தருபவரையே வாசகராகவும் கொண்ட இதழ் அவரைப் பற்றிக் கிசுகிசு எழுத இயலாது. இதன் மறுபக்கமாக, கடுமையான விமர்சனத்துக்கும் துறையின் இருண்ட பக்கங்களை ஆராய்வதற்கும் இத்தகைய இதழில் இடம் குறைவாகவே இருக்கும். தொழிலுக்கு நெருக்கமாக இருந்ததே 'ஸ்கிரீன்' இதழின் பலம்; அதன் எல்லையும் அதுவே.

இதழின் ஆசிரியர்களுள் பி.கே.கரஞ்சியா குறிப்பிடத்தக்கவர். 'பிளிட்ஸ்' வார ஏட்டை நடத்திய ருஸி கரஞ்சியாவின் தம்பியான இவர், 'ஃபிலிம்ஃபேர்' ஆசிரியராகவும், மத்திய அரசின் திரைப்பட நிதிக் கழகத் தலைவராகவும் இருந்தவர். மாற்றுத் திரைப்படங்களுக்கு அக்கழகம் நிதி அளித்த காலம் அது. பின்னர் 'ஸ்கிரீன்' பொறுப்பை ஏற்றார். அவரைப் போலவே உதய தாரா நாயர், பாவனா சோமாயா ஆகியோரும் இதழை வழிநடத்தினர். நடிகர் திலீப் குமாரின் தன்வரலாற்றை அவர் சொல்லக் கேட்டு எழுதித் தொகுத்தவர் உதய தாரா நாயர். அந்நூல் 2014-இல் வெளியாயிற்று. தலைமுறைகளைக் கடந்து நட்சத்திரங்களின் நம்பிக்கையை இவ்விதழைச் சேர்ந்தோர் பெற்றிருந்தனர் என்பதற்கு இது ஒரு சான்று.

விருது பிறந்தது

1991 அக்டோபரில் ராம்நாத் கோயங்கா காலமானார். அதன்பின் குழுமம் இரண்டாகப் பிரிந்தது. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட பிரிவுக்கு 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' நாளிதழும் 'ஸ்கிரீன்' வார இதழும் சென்றன. சென்னைப் பிரிவுக்கு 'நியூ இந்தியன் எக்ஸ்பிரஸ்', 'தினமணி' ஆகியவற்றோடு தமிழ்த் திரை இதழான 'சினிமா எக்ஸ்பிரஸ்' சென்றது.

அதே 1991-ஆம் ஆண்டில்தான் இந்திய வீடுகளுக்குள் ஸ்டார் தொலைக்காட்சியின் செயற்கைக்கோள் அலைவரிசைகள் நுழைந்தன. 1992 அக்டோபரில் ஜீ டிவியும், 1993 ஏப்ரலில் சன் டிவியும் தொடங்கின. அதுவரை தூர்தர்ஷனில் வாரம் ஓரிரு முறை கிடைத்த திரைப்படப் பாடல்களும் நட்சத்திரப் பேட்டிகளும் நாள் முழுவதும் கிடைக்கலாயின. தாராவியிலும் சுனாபட்டியிலும் வாழ்ந்த தமிழர்களுக்கு இது இரட்டை மாற்றம். சென்னைத் தூர்தர்ஷனின் 'ஒலியும் ஒளியும்' மும்பையில் தெரியாது. தமிழ்ப் படம் பார்க்க மாட்டுங்காவின் அரோரா திரையரங்கையோ வாடகை வீடியோ கேசட்டையோ நம்பியிருந்தவர்கள், கேபிள் இணைப்பு வந்தபின் வீட்டிலேயே தமிழ் அலைவரிசையைப் பார்த்தனர்.

இச்சூழலில்தான் 'ஸ்கிரீன்' தன் விருதுகளைத் தொடங்கியது. 1994-ஆம் ஆண்டில் வெளியான படங்களுக்கான முதல் விருதுகள் 1995-இல் வழங்கப்பட்டன. வீடியோகான் நிறுவனம் புரவலராக இருந்ததால் 'ஸ்கிரீன்-வீடியோகான் விருதுகள்' என்று பெயர். சிறந்த படமாக 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' தேர்வானது.

'ஃபிலிம்ஃபேர்' விருது அப்போதே நாற்பதாண்டுப் பழமை கொண்டது. 1954-இல் பம்பாய் மெட்ரோ திரையரங்கில் வெறும் ஐந்து பிரிவுகளுடன் தொடங்கிய அவ்விருது, வாசகர் வாக்கெடுப்பைத் தன் அடையாளமாகக் கொண்டிருந்தது. 'ஸ்கிரீன்' வேறு வழியைத் தேர்ந்தது. துறை சார்ந்த கலைஞர்களும் தொழில்நுட்ப வல்லுநர்களும் அடங்கிய நடுவர் குழு வெற்றியாளர்களைத் தேர்ந்தெடுத்தது. மராத்திப் படங்களுக்கும் தனிப் பிரிவுகள் இருந்தன. தொழிலின் இதழ் தரும் விருதைத் தொழிலைச் சேர்ந்தவர்களே தீர்மானிக்கிறார்கள் என்பதுதான் அதன் தனித்தன்மையாக முன்வைக்கப்பட்டது. இந்தத் தனித்தன்மைக்கு வேர் இதழில் இருந்தது. ஒளிப்பதிவாளர் யார், ஒலிப்பதிவாளர் யார், சண்டைப் பயிற்சியாளர் யார் என்று ஆண்டு முழுவதும் எழுதிவந்த இதழ் அது.

பெயருக்கு முன் சேர்ந்த பெயர்கள்

விருது விழா தொலைக்காட்சிக்கு மிகவும் உகந்த பண்டம். முன்னணி நட்சத்திரங்கள் ஒரே அரங்கில் கூடுவர், ஆடுவர், நகைச்சுவை பேசுவர். தனித்தனியே ஊதியம் தந்து இத்தனை பேரைத் திரட்ட எந்த அலைவரிசையாலும் இயலாது. 1998-இல் ஜீ சினி விருதுகளும், 2000-ஆம் ஆண்டில் லண்டனில் தொடங்கிய ஐஃபா விருதுகளும் இக்கணக்கை உணர்ந்து பிறந்தவையே. இவற்றுக்குப் பின்னால் வார இதழ் எதுவும் இல்லை. ஒன்று அலைவரிசையின் விருது. மற்றொன்று நிகழ்ச்சி நடத்தும் நிறுவனத்தின் விருது. விருது வழங்குவதற்குப் பத்திரிகை தேவையில்லை என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

'ஸ்கிரீன்' விருதின் பெயர் மாறிய விதமே அது சென்ற திசையைக் காட்டும். வீடியோகானுக்குப் பிறகு 'ஸ்டார் ஸ்கிரீன்' ஆயிற்று. இடையில் சில ஆண்டுகள் கைப்பேசி நிறுவனமான நோக்கியாவின் பெயரும் முன்னால் சேர்ந்தது. 2012, 2013 ஆகிய ஆண்டுகளில் 'கலர்ஸ் ஸ்கிரீன்', அடுத்த இரண்டு ஆண்டுகள் 'லைஃப் ஓகே ஸ்கிரீன்', 2016 முதல் மீண்டும் 'ஸ்டார் ஸ்கிரீன்'. ஒட்டிக்கொண்ட பெயர்களும் நிலைத்துவிடவில்லை. வீடியோகான் 2018-இல் திவால் நடவடிக்கைக்கு உள்ளானது. நோக்கியாவின் கைப்பேசிப் பிரிவு 2014-இல் மைக்ரோசாஃப்ட்டுக்குக் கைமாறியது. லைஃப் ஓகே அலைவரிசை 2017-இல் 'ஸ்டார் பாரத்' ஆனது.

பிரிவுகளும் மாறின. நடுவர் குழுவின் தேர்வுகளோடு மக்கள் தேர்வுகளும் சேர்ந்தன. திரையில் பொருத்தமான இணைக்கென்று 'ஜோடி நம்பர் 1' என ஒரு விருது வந்தது. நடிப்புத் தரத்தை மதிப்பிடுவதைவிட, இருவரை ஒன்றாக மேடையேற்றுவதே அதன் பயன் என்று தோன்றுகிறது. படத்தொகுப்பாளரோ கலை இயக்குநரோ விருது பெறும் நிமிடங்கள் ஒளிபரப்பில் எவ்வளவு நேரம் பிடித்தன என்பதை, இத்தகைய நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் அறிவர். தமிழில் விஜய் தொலைக்காட்சி நடத்திய 'விஜய் விருதுகள்' விழாவைப் பார்த்தவர்களுக்கும் இது புதிதன்று.

இதழ் சுமையானது

விருது விழா பெரிதாகிக்கொண்டிருந்தபோது, இதழின் காலடி மண் சரிந்துகொண்டிருந்தது. அதற்கான காரணங்கள் பல. அவற்றுள் இணையம் ஒன்று மட்டுமே.

திரைப்படத்தைத் தொழிலாக அங்கீகரிக்கும் முடிவை 1998 மே மாதம் அப்போதைய தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சர் சுஷ்மா சுவராஜ் அறிவித்தார். அதன் விளைவாக வங்கிக் கடனும் பெருநிறுவன முதலீடும் படிப்படியாகத் திரையுலகுக்கு வந்தன. நாடு முழுவதற்கும் உரிமையை ஒரே நிறுவனம் வாங்கும் வழக்கம் பரவியது. தயாரிக்கும் நிறுவனமே விநியோகமும் செய்யத் தொடங்கியது. பாட்னா விநியோகஸ்தரின் கண்ணில் படுவதற்காகப் பூஜை விளம்பரம் வெளியிட வேண்டிய தேவை இப்போது யாருக்கு உண்டு? இரண்டு நிறுவன அலுவலகங்களுக்கு இடையிலான ஒப்பந்தத்துக்கு முழுப்பக்க விளம்பரம் வேண்டியதில்லை. 'ஸ்கிரீன்' இதழின் வருவாய்க்கு அடித்தளமாக இருந்த வட்டார முறை தளர்ந்ததே அதன் வீழ்ச்சிக்கு முதற்காரணம் எனலாம். மேலோட்டமாகப் பார்ப்பவர்களுக்கு இது தென்படுவதில்லை.

வெள்ளிவிழாக்களும் மறைந்தன. ஒரே ஊரில் பல திரைகள் கொண்ட வளாகங்கள் பெருகின. படச்சுருளுக்குப் பதில் எண்ம முறையில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான திரைகளுக்குப் படத்தை அனுப்ப முடிந்தது. இருபத்தைந்து வாரம் ஓடிய கணக்கு, முதல் மூன்று நாள் வசூல் கணக்காகச் சுருங்கியது. வாரம் ஒருமுறை வரும் இதழ் அந்தக் கணக்கைத் தருவதற்குள் படம் பழையதாகிவிடும்.

இதற்கிடையே நாளிதழ்கள் வண்ணத் திரைப்பட இணைப்புகளைத் தினமும் இலவசமாகத் தந்தன. 1996-இல் தொடங்கிய ரீடிஃப் போன்ற இணையத்தளங்கள் நட்சத்திரப் பேட்டிகளை வெளியிட்டன. 2008 ஏப்ரலில் அமிதாப் பச்சன் தம் வலைப்பதிவைத் தொடங்கியபின், நட்சத்திரத்தின் சொல்லை வாசகரிடம் சேர்க்க இடையில் ஒரு செய்தியாளர் வேண்டும் என்ற நிலையும் மாறத் தொடங்கியது.

ஆக, ஒரே பெயரில் இரண்டு உடைமைகள் இருந்தன. ஒன்று, ஆண்டுக்கு 52 முறை அச்சிட வேண்டிய, செய்தியாளர்களுக்கு ஊதியம் தர வேண்டிய இதழ். மற்றொன்று, ஆண்டுக்கு ஓர் இரவு நடந்து, புரவலர் பணத்தையும் ஒளிபரப்பு உரிமையையும் ஈட்டும் நிகழ்ச்சி. 2015-இல் ஸ்டார் இந்தியா இரண்டையும் சேர்த்தே பெற்றது. அது தொடர்ந்து நடத்தியது இரண்டாவதையே.

ஓர் ஆண்டில் இரு விழாக்கள்

தொலைக்காட்சியின் தேவைக்கேற்ப விருது வளைந்ததற்கு 2016-ஆம் ஆண்டு தெளிவான எடுத்துக்காட்டு. அவ்வாண்டில் 'ஸ்டார் ஸ்கிரீன்' விழா இருமுறை நடந்தது. முதலாவது ஜனவரி 8 அன்று. அடுத்தது டிசம்பர் 4 அன்று. விருதுப் பருவத்தில் முந்திக்கொள்ளும் வகையில், ஆண்டு முடியும் முன்பே அவ்வாண்டுப் படங்களுக்கு விருது வழங்கும் முறை வந்தது. அவ்வாண்டின் மிகப் பெரிய வெற்றிப் படமான 'தங்கல்' டிசம்பர் 23 அன்றுதான் வெளியானது. விழா நடந்தபோது அப்படம் திரைக்கே வந்திருக்கவில்லை. ஆண்டின் திரைப்படங்களைத் தொகுத்து மதிப்பிடுவதாகக் கூறும் விருது, ஆண்டின் கடைசி நான்கு வாரங்களை வெளியே நிறுத்தியது. வாரந்தவறாமல் வெளியீட்டுப் பட்டியலை அச்சிட்ட 'ஸ்கிரீன்' இருந்திருந்தால், இம்முரண்பாடு அதன் பக்கங்களிலேயே பளிச்சென்று தெரிந்திருக்கும்.

கடைசி விழா 2019 டிசம்பர் 8 அன்று மும்பையில் நடைபெற்றது. தாராவியின் ராப் இசை இளைஞனைப் பற்றிய 'கல்லி பாய்' படத்துக்காக ரன்வீர் சிங்கும் ஆலியா பட்டும் சிறந்த நடிகர், நடிகை விருதுகளைப் பெற்றனர்.

அதற்குள் ஸ்டார் இந்தியாவின் உரிமையே கைமாறியிருந்தது. ட்வென்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனத்தை வால்ட் டிஸ்னி வாங்கிய ஒப்பந்தம் 2019 மார்ச்சில் நிறைவேறியபோது ஸ்டார் இந்தியாவும் டிஸ்னியின் உடைமையாயிற்று. 2020-இல் கொரோனா பெருந்தொற்று வந்தது, அரங்கங்கள் மூடப்பட்டன. தொற்று தணிந்தபின் 'ஃபிலிம்ஃபேர்', ஐஃபா, ஜீ சினி விழாக்கள் மீண்டும் நடந்தன. 'ஸ்டார் ஸ்கிரீன்' திரும்பவில்லை. தமிழில் 'விஜய் விருதுகள்' விழாவும் 2018-இல் நடந்த பத்தாவது விழாவோடு நின்றது. அதுவும் ஸ்டார் குழும அலைவரிசையின் நிகழ்ச்சியே என்பது குறிப்பிடத்தக்கது. 2024 நவம்பரில் டிஸ்னியின் இந்தியத் தொலைக்காட்சி வணிகமும் ரிலையன்ஸ் குழுமத்தின் வயாகாம்18 நிறுவனமும் இணைந்தன. ஒரு காலத்தில் 'ஸ்கிரீன்' விருதுக்காகப் பெயர் தந்த கலர்ஸும் ஸ்டாரும் இவ்வாறு ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டன.

'ஃபிலிம்ஃபேர்' ஏன் தப்பியது என்ற கேள்வி எழுவது இயல்பு. அதன் அச்சு இதழும் பழைய செல்வாக்கோடு இல்லை. ஆயினும் இதழையும் விருதையும் இணையத்தளத்தையும் ஒரே குழுமம் தன் கையிலேயே வைத்திருந்தது. ஒளிபரப்பு உரிமையை மட்டும் அலைவரிசைகளுக்குத் தந்தது. ஓர் அலைவரிசை கைவிட்டால் வேறொன்றிடம் செல்லலாம். 'ஸ்கிரீன்' விருதோ பெயரோடு சேர்த்து அலைவரிசைக்கே சொந்தமானது. அந்த அலைவரிசைக்கு ஆர்வம் போனதும் அதற்காகக் குரல் கொடுக்க ஆளில்லை.

சென்னையில் அதே குடும்பத்தின் மறுபாதி வேறு வழியில் சென்றது. 'சினிமா எக்ஸ்பிரஸ்' தமிழ் அச்சு இதழ் நின்றுபோனாலும், அப்பெயர் நியூ இந்தியன் எக்ஸ்பிரஸ் குழுமத்தின் ஆங்கிலத் திரைப்பட இணையத்தளமாகத் தொடர்கிறது. 'பேசும் படம்', 'பொம்மை' ஆகிய தமிழ் இதழ்களுக்கு அந்த வாய்ப்பும் கிட்டவில்லை.

எஞ்சியிருப்பவை

'ஸ்கிரீன்' என்ற பெயர் இப்போது மீண்டும் இந்தியன் எக்ஸ்பிரஸ் குழுமத்திடம் வந்துள்ளது. அக்குழுமத்தின் இணையத்தளத்தில் திரைப்படச் செய்திகள் அப்பெயரிலேயே வெளியாகின்றன. 2025 மே மாதம் கேன் திரைப்பட விழாவின்போது 'ஸ்கிரீன் அகாதெமி' என்ற அமைப்பும் அறிவிக்கப்பட்டது.

ஆய்வாளர்களுக்கு முக்கியமாக இருப்பவை பழைய இதழ்கள்தாம். பூஜையோடு நின்றுபோன படங்கள், தலைப்பு மாற்றி வெளிவந்தவை, பாதியில் நாயகி மாறியவை, இசையமைப்பாளர் விலகியவை என எந்தத் திரையிலும் காண முடியாத திரைப்பட வரலாறு அவ்விளம்பரங்களில் உள்ளது. நூல்களில் காணப்படும் பல வெளியீட்டுத் தேதிகளைச் சரிபார்க்க இத்தகைய இதழ்களே துணை. ஒளிபரப்பான விழாக்களில் நடனங்களின் துண்டுகள் யூடியூபில் கிடைக்கின்றன. ஆனால் நடுவர் குழு எந்தப் படத்தை எதற்காகத் தேர்ந்தது என்ற குறிப்பை அவற்றில் தேடிப் பயனில்லை.

பொருள்களைக் காப்பது எவ்வளவு கடினம் என்பதைச் செம்பூர் அறியும். 'ஆவாரா' உருவான ஆர்.கே. ஸ்டூடியோவில் 2017 செப்டம்பர் 16 அன்று ஏற்பட்ட தீவிபத்தில், பல தசாப்தங்களாகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்த நடிகர்களின் உடைகளும் அணிகலன்களும் அழிந்தன. சுமார் 2.2 ஏக்கர் பரப்புள்ள அந்நிலத்தைக் கோத்ரெஜ் ப்ராப்பர்ட்டீஸ் நிறுவனம் வாங்கியது 2019-இல் அறிவிக்கப்பட்டது. சுனாபட்டியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள அவ்விடத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புத் திட்டம் எழுந்துள்ளது. அங்கே எடுக்கப்பட்ட படங்களின் பூஜை, வெளியீடு, வெள்ளிவிழா பற்றிய விவரங்களைத் தேடுவோர், அக்காலத்துத் திரைப்பட ஏடுகளைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. மரத்தூள் கலந்த மலிவான செய்தித்தாளில் அச்சான அவ்வேடுகளும் பழுப்பேறி விளிம்புகள் உதிரும் தன்மை கொண்டவை.